லாயிட் வீட்டு முதல் தண்ணீர்

தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் லாயிட் ப்ரென்னர் இப்போது கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் துளைக்குள் போய்விட்டதா என்று குனிந்து பார்ப்பார். பாக்கெட்டுக்குள் கையை விட்டால் சாவி எது, சில்லறை எது என்று தெரியாது. எல்லாவற்றையும் மேசையில் கொட்டிப் பார்ப்பார். கீமோ முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. புற்று போனது. போகும்போது பத்து விரல்களின் உணர்ச்சியையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது.

மனைவி மார்லிஸிடம் அவர் சொல்லி வைத்திருந்தது வேறு.

"இப்ப பரவால்ல மார்லி. கொஞ்சம் கொஞ்சமா வருது. இன்னைக்குக் காலைல காபிக் கப்போட சூடு தெரிஞ்சுது" என்று ஆகஸ்ட் மாதம் ஒருநாள் சும்மா சொல்லிவிட்டார். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அதைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்ள மனசு வரவில்லை. செப்டம்பரில் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.

சொல்லாமலிருக்கவும் முடியாது. ஏப்ரலில் நடந்தது அப்படி. வழக்கம்போல கராஜில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தவர், கொதிக்கிற பானையின் குழாய்த் திருகைக் கையுறை இல்லாமல் பிடித்துக்கொண்டே வானொலியில் மேட்ச் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த மார்லிஸ், "என்ன கருகுது?" என்று கேட்டாள். கருகியது அவருடைய உள்ளங்கை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுத் திரும்பும்போது அவள்தான் வண்டியை ஓட்டினாள். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள்.

"இன்னொரு தடவை உன் உடம்புல அந்தக் கராஜால ஒரு புண்ணு பார்த்தேன்னா, பானை பைப்பு எல்லாத்தையும் நானே ரோட்டோரத்துல கொண்டுபோய் வச்சிருவேன். நீ செத்துப் பொழைச்சது இதுக்கில்ல."

அவள் சொன்னால் செய்வாள்.

பத்தொன்பது வருஷமாகக் காய்ச்சுகிறார் லாயிட். மிஷிகன் ஏரியைப் பார்த்த இந்த ஊரில் குளிர்காலம் என்றால் ஆறு மாசம். மனுஷனுக்குக் கராஜில் ஒரு வேலை இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். மாசம் ஒருதரம் கூடும் ஏரிக்கரைப் பானைக்காரர்கள் சங்கத்தில் அவருடைய கறுப்பு லாகர் பீருக்கென்று ஒரு பெயர் உண்டு. கீமோ நாட்களில்கூட, ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அடுத்து முளைகட்டி வறுத்த பார்லி மால்ட்டில் எதை எவ்வளவு போடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். அதுவும் போய்விட்டால் மிச்சம் இருப்பது மாத்திரை டப்பாவும் டிவியும்தான்.

மே மாசக் கூட்டத்தில் கட்டுப்போட்ட கையோடு போய் உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஓட்டிஸ் ஹார்க்ரோவ் தன் கிளாஸைக் கீழே வைத்தார். காகித மில்லில் முப்பத்தோரு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஆள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"கை வேலை செய்யலன்னா என்னய்யா, கை வைக்காமக் காய்ச்சுற மாதிரி ஒண்ணு கட்டிருவோம்."

பக்கத்தில் இருந்த யெங் வாங் அப்போதே போனில் படம் வரைய ஆரம்பித்துவிட்டான். பிளாஸ்டிக் ஃபேக்டரியில் மிஷின்களுக்கு ப்ரோகிராம் எழுதுகிறவன், முப்பத்தி நாலு வயசு, ஆசியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவனுடைய முதல் பீர் சோப்புத் தண்ணீர் மாதிரி இருந்தபோது யாரும் குடிக்கவில்லை. லாயிட் மட்டும் முழு கிளாஸையும் குடித்து, எங்கே தப்பு என்று சொல்லிக்கொடுத்தார். அதை அவன் மறக்கவில்லை.

கோடை முழுக்க சனிக்கிழமைகளில் வேலை நடந்தது. இரும்புக் குழாயை வெட்டிப் பற்றவைத்து ஒரு சட்டம். அதன்மேல் இரண்டு பெரிய எவர்சில்வர் பானைகள், நடுவில் ஒரு பம்ப். தண்ணீரைச் சூடாக்க கரண்ட் ஹீட்டர் காயில். சூட்டை அளக்க ஒரு உணர்கருவி, அது சொல்வதைக் கேட்டு ஹீட்டரைப் போட்டு அணைக்க யெங் செய்த சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. சூடு எவ்வளவு என்று போனிலேயே எண் தெரியும். மால்ட் ஊறுகிற ஒரு மணி நேரமும் நூற்றைம்பத்திரண்டு டிகிரி பாரன்ஹீட்டை விட்டு அசையாது. சாறு பம்பிலேயே இந்தப் பானையிலிருந்து அந்தப் பானைக்குப் போய்விடும். தூக்க வேண்டாம், திருக வேண்டாம். மால்ட்டையும், கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவையும் மட்டும் கையால் போட்டால் போதும்.

"அதையும் மிஷினே போடுற மாதிரி பண்ணிடலாம், லாயிட். ஒரு மோட்டார் வச்சா போதும்" என்றான் யெங்.

"எல்லாத்தையும் மிஷினே பண்ணுனா இந்த ஆளு எதுக்குடா?" என்றார் ஓட்டிஸ். "அதுக்குக் கடைல போய் ரெண்டு கேன் வாங்கிட்டு வந்து மிஷின் பக்கத்துல உக்காந்து குடிக்கலாம்."

சட்டத்துக்கு லாயிட் தன் கையாலேயே பெயிண்ட் அடித்தார். ட்ராக்டர் பச்சை, மூன்று பூச்சு. பிரஷ்ஷை விரலில் பிடித்திருப்பது தெரியாததால் ரப்பர் பேண்டால் கையோடு கட்டிக்கொண்டு அடித்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது. கடைசி வேலையாக எர்த் வயரைச் சட்டத்தில் முடுக்க வேண்டியிருந்தது. "அதையாவது நான் பண்றேனே" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஓட்டிஸ் கிளம்புகிற அவசரத்தில், "அந்த எடத்துல பெயிண்ட்டச் சுரண்டிட்டு முடுக்கு, இரும்பு இரும்ப தொடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். லாயிட் சுரண்டியை எடுத்தார். அந்தப் பச்சையைப் பார்த்தார். மூன்று பூச்சு. சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்க்ரூவை மட்டும் நன்றாக இறுக்கினார். பார்வைக்கு வாகாகத்தான் இருந்தது.

இனி பாக்கி முதல் தண்ணீர். சங்கத்தில் யார் இப்படிப் புதிதாக ஒரு காய்ச்சும் கருவி, அவர்கள் பாஷையில் ரிக், கட்டினாலும் முதல் ஓட்டம் வெறும் தண்ணீரில்தான். தண்ணீர் சூடேறி பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த ரிக்குக்காக உழைத்த அத்தனை பேரும் சட்டத்தின்மேல் ஒரு கையை வைப்பார்கள். படம் எடுத்து மால்ட் கடைச் சுவரில் மாட்டுவார்கள். கடையில் அப்படி இருபது முப்பது படம் தொங்குகிறது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

மார்லிஸும் வருவதாகச் சொன்னாள். "நான் வந்து என் கண்ணால பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன், நீ காய்ச்சலாமா வேணாமான்னு."

வியாழக்கிழமை லாயிட் தனியாக ஒரு ஒத்திகை பார்த்தார். பானையில் தண்ணீர் பிடித்து, ஓட்டிஸ் சுவரில் புதிதாகப் பொருத்திக் கொடுத்திருந்த ப்ளக் பாயின்ட்டில் செருகினார். கரண்ட் எங்காவது கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடுகிற பிரேக்கர் அதில் இருந்தது. பத்து நிமிஷம் நன்றாக ஓடியது. டப்பென்று நின்றது. மறுபடி போட்டார். மறுபடியும் நின்றது. நாலாவது தடவை நின்றதும் ஓட்டிஸுக்குப் போன் போட்டார்.

"ட்ரிப் ஆவுதுன்னா எங்கயோ லீக்கேஜ் இருக்குன்னு அர்த்தம். நான் இப்ப மகள் வீட்ல மேடிசன்ல இருக்கேன், சனிக்கிழமை ராத்திரிதான் வருவேன். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி வந்து பாக்குறேன். என்ன பண்ணாலும் அந்த பிரேக்கரத் தாண்டி மட்டும் கரண்ட் எடுக்காத. கேக்குதா?"

"கேக்குது கேக்குது."

கேட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை நாலு தடவை கராஜுக்குப் போய் ரிக்கைச் சுற்றி வந்தார். ஓட்டிஸ் வந்து பார்த்து ஒரு மணி நேரத்தில் கண்டுபிடிக்காவிட்டால்? மார்லிஸ் நிற்கும்போது டப்பென்று நின்றால்? அவள் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அவள் முகம் இறுகிப்போகும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கடைக்குப் போயிருந்தாள். கராஜ் மூலையில், பெரிய ஃப்ரீசருக்குப் பின்னால், பழைய துணி உலர்த்தும் மிஷினுக்காக என்றைக்கோ போட்ட ப்ளக் பாயின்ட் ஒன்று இருந்தது. அந்த வீட்டைப் போலவே வயசானது. கசிவு, கிசிவு எதையும் கண்டுகொள்ளாது. வெல்டிங் மிஷினுக்காகச் செய்து வைத்திருந்த இணைப்பு வயரை எடுத்து, ரிக்கை அதில் மாட்டினார்.

நாற்பது நிமிஷம் மணி மணியாக ஓடியது. போனில் எண் நூற்றைம்பத்திரண்டுக்கு வந்து அங்கேயே உட்கார்ந்தது.

லாயிட் பயந்தாங்கொள்ளி இல்லை, அஜாக்கிரதைக்காரரும் இல்லை. லீக்கேஜ் இருந்தால் ஷாக் அடிக்கும். அதனால் சோதித்துப் பார்த்தார். பானையின் கைப்பிடியைத் தொட்டார், பம்பைத் தொட்டார், சட்டத்தைப் பிடித்தார். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். ஒன்றுமே இல்லை. பிரேக்கர்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். அந்த முடிவுக்கு எந்தக் கையை வைத்து வந்தோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

ஓட்டிஸுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினார்: கனெக்‌ஷன் பெட்டியில் ஈரம் இருந்தது, துடைத்துவிட்டேன், சரியாகிவிட்டது, அவசரப்பட்டு வர வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு யெங் வந்தான், அம்மா செய்து கொடுத்த முட்டை ரோல் ஒரு தட்டு நிறைய. ஓட்டிஸ் வந்தார், சாசேஜ் ஒரு கட்டு.

"பிரேக்கர் எப்படியிருக்கு?"

"சமத்தா இருக்கு" என்றார் லாயிட். ஃப்ரீசரைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடுபட்டார்.

யெங் ஹோஸ் வைத்துத் தண்ணீர் பிடிக்கும்போது இணைப்பு கழன்று தரையெல்லாம் நனைந்தது.

"டேய், தண்ணி பானைக்குள்ள போகணும்டா. கம்ப்யூட்டர் படிச்சவனுக்கு இது யாரும் சொல்லிக் கொடுக்கலயா?"

"தரைக்கும் முதல் தண்ணி காட்டினேன், ஓட்டிஸ். எங்க வழக்கம்."

"உங்க வழக்கம்னு எதச் சொன்னாலும் நம்புவேன்னு நினைக்கிறான் பாரு."

சிரிப்பு. பம்ப் முனக ஆரம்பித்தது. லாயிட் சட்டத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு போனில் எண் ஏறுவதைப் பார்த்தார். நூற்றுப் பத்து. நூற்று இருபத்தெட்டு. படம் எடுக்கிற கேமரா வண்டியில் இருக்கிறது என்று ஓட்டிஸ் வெளியே போனார்.

வீட்டுக் கதவு திறந்தது. மார்லிஸ் கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்புப் பாத்திரத்தோடு வந்தாள். கம்பளி ஸ்வெட்டர், காலில் வீட்டுக்குள் போடுகிற துணிச் செருப்பு. பாத்திரத்தை வைத்துவிட்டு, கழுவின கையை உதறிக்கொண்டே ரிக்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"கொதிக்கிறது எந்தப் பானை?"

"இது. நான் கிட்டயே போக மாட்டேன். போன்லயே பண்ணிரலாம்."

"வழிஞ்சா?"

"அதுவே அணைஞ்சிரும்" என்றான் யெங்.

"ம்." இன்னும் ஒரு சுற்று. "பச்சை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிப் பானையின் கைப்பிடியில் விரலை வைத்தவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். "அம்மா!"

"என்னாச்சு?" என்றார் லாயிட்.

"சுருக்குன்னுது. சூடு இல்ல, கடிச்ச மாதிரி." கையைப் பார்த்துக்கொண்டாள்.

"ஸ்வெட்டர். உரசி உரசி அதுல கரண்ட் ஏறும்" என்றான் யெங். "இந்தக் குளிர்ல நான் கார்க் கதவத் தொட்டாலே எனக்கும் அடிக்குது. பானை உங்களுக்கு ஹலோ சொல்லுது."

"ஹலோ சொல்ற லட்சணமா இது" என்றாள் மார்லிஸ். ஆனால் சிரித்தாள். லாயிட்டும் சிரித்தார். ஸ்வெட்டர்தான். வருஷா வருஷம் நவம்பரில் நடப்பதுதானே.

ஓட்டிஸ் கேமராவோடு உள்ளே வந்தார். "சரி, எல்லாரும் வாங்க, கை வைங்க. மார்லிஸ், நீயும்."

"நானா? நான் ஒரு ஸ்க்ரூகூட முடுக்கலயே."

"இந்த ஆளத் தாங்கினியே, அதவிட என்ன ஸ்க்ரூ? வா வா. ரெண்டு கையும் வை."

அவள் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தாள். ஒரு வருஷமாக லாயிட் பார்க்காத சிரிப்பு. ஸ்வெட்டர் கையை முழங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டு, பச்சைச் சட்டத்துக்கு நேராக இரண்டு கையையும் நீட்டினாள். துணிச் செருப்பு தரை ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்ததை லாயிட் பார்த்தார். ஈரத்தில் நிற்கிறவளுக்கு எப்படி ஸ்வெட்டர் ஷாக் அடிக்கும்? உரசி ஏறின கரண்ட் ஈரத்திலேயே இறங்கிப் போயிருக்குமே.

சட்டத்தின்மேல் இருந்த தன் கையைப் பார்த்தார். கால் மணி நேரமாக அங்கேயே இருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை. நேற்றும் ஒன்றும் சொல்லவில்லை. அது எதைத்தான் சொல்லும்? உள்ளங்கை கருகியபோதே வாயைத் திறக்காத கை.

"தொடாத!"

அவள் மணிக்கட்டை அடித்துத் தள்ளினார். அடி பலமாகவே விழுந்திருக்க வேண்டும். அவள் இரண்டடி பின்னால் போனாள். லாயிட் ஃப்ரீசருக்குப் பின்னால் பாய்ந்து வயரைப் பிடித்து இழுத்தார். பம்ப் நின்றது.

ஓட்டிஸ் மெதுவாக வந்து ஃப்ரீசருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தான் பொருத்திய ப்ளக் பாயின்ட் காலியாக இருப்பதையும் பார்த்தார். கேமராவை மேசைமேல் வைத்தார்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க. படிக்கட்டு மேல ஏறிக்கோங்க."

பையிலிருந்து மீட்டரை எடுத்து, ஒரு கம்பியைச் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூ தலையில் மாட்டினார், இன்னொன்றைத் தரைச் சாக்கடை மூடியில். கையுறை போட்டுக்கொண்டு வயரைத் திரும்பச் செருகினார். மீட்டரைப் பார்த்தார். பிடுங்கிவிட்டார்.

"தொண்ணூத்தி ரெண்டு வோல்ட்டு. ரப்பர் பூட்ஸ் போட்டிருக்கப் போய் நீ பொழைச்ச, லாயிட்."

யெங் வாயில் கை வைத்துக்கொண்டான். "நான்தான் ஸ்வெட்டர்னு சொன்னேன்" என்றான் தனக்குத்தானே.

ஓட்டிஸ் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றினார். அடியில் பச்சை பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது. ஹீட்டர் காயில் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் கொட்டியது.

"பெட்டில ஈரம் தொடச்சேன்னு மெசேஜ் போட்ட."

"ஆமா."

"தொறக்கவே இல்ல."

"இல்ல."

"முப்பத்தோரு வருஷம், லாயிட். மில்லுல என் லைன்ல ஒருத்தனையும் நான் சவப்பெட்டில வச்சு அனுப்புனதில்ல. உன் பொண்டாட்டியக் கூப்பிட்டு ரெண்டு கையும் வைன்னு சொன்னது நானு." குரல் உயரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "சரி, நேத்து ஓட்டினியே. கை வச்சுக்கூடவா பாக்கல?"

"வச்சுப் பாத்தேன்."

"அப்புறம்? ஒண்ணும் தெரியலயா?"

லாயிட் தன் கையைப் பார்த்தார். படிக்கட்டிலிருந்து மார்லிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதில் சொல்லு" என்றாள் அவள். "எனக்கு ஒரு விரல் பட்டதுக்கே சுருக்குன்னுது. நீ கையையே ஊன்றிக்கிட்டு நின்ன."

"தெரியல, மார்லி."

"காபிக் கப்பு?"

"அதுவும் தெரியல. எப்பவுமே தெரியல."

யெங் தலையைக் குனிந்துகொண்டு தன் லேப்டாப்பை மூடினான். முட்டை ரோல் தட்டை எடுப்பதா வைப்பதா என்று யோசித்து வைத்துவிட்டான். ஓட்டிஸ் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்து, ரிக்கின் வயர் முனையிலிருந்த ப்ளக்கை நிதானமாகக் கழற்றித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"இது என்கிட்ட இருக்கட்டும். மார்லிஸ், உனக்கு எப்ப தோணுதோ அப்ப கூப்பிடு. கூப்பிடலன்னாலும் சரி." கதவுவரை போய் நின்றார். "இவன் கூப்பிட்டா நான் வர மாட்டேன்."

வண்டிகள் இரண்டும் போன பிறகு மார்லிஸ் ஒரு கவிழ்த்த வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நனைந்த செருப்பைக் கழற்றினாள்.

"இங்க வா. உக்காரு. கண்ண மூடு. கைய நீட்டு."

நீட்டினார்.

"ஒவ்வொரு விரலாத் தொடுவேன். எது தெரியுதோ சொல்லு. பொய் சொன்னா எழுந்து போயிருவேன்."

"சரி."

காத்திருந்தார். வெளியே பக்கத்து வீட்டுக்காரன் இலை கூட்டுகிற சத்தம். பானையில் சூடு ஆறும்போது உலோகம் சுருங்குகிற டிக் டிக். அவள் தயங்குகிறாள் போல. மனசு கேட்காமல் விட்டுவிட்டாளோ என்னவோ.

"எப்ப ஆரம்பிக்கப் போற?" என்று கேட்டார்.

கண்ணைத் திறந்தார். அவருடைய இரண்டு கைகளும் அவளுடைய பிடிக்குள் இருந்தன. விரல்கள் எல்லாவற்றையும் சேர்த்து, தன் நகக்கண் வெளுக்கும்வரை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மார்லி."

"பானை இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அவள். "பானை என்ன பண்ணுச்சு? ரோட்டுல எல்லாம் வைக்கல. எனக்கு வேற ஒண்ணு தெரியணும்."

"கேளு."

"செப்டம்பர் ஸ்கேனுக்கு நீ தனியாப் போன. நான் வரேன்னேன், வேணாம்னுட்ட. வந்து, எல்லாம் சுத்தமா இருக்குன்னு சொன்ன."

"அது நிஜம். அது நிஜம், மார்லி."

"காபிக் கப்பும் இதே மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான் சொன்ன."

"சத்தியமா."

"பேப்பரக் காட்டு."

எழுந்து வீட்டுக்குள் போனார். அலமாரியில் நீலக் கோப்பு இருந்தது. ஒரு வருஷத்துக் காகிதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிரித்தால் இரண்டு மூன்றாக வந்தன. எத்தனை தாள் விரலில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை, கண்ணால் எண்ணிப் பிரிக்கப் பார்த்தார். தாள்கள் தரையில் சரிந்தன. பின்னாலேயே வெறுங்காலோடு வந்த மார்லிஸ் மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தேதி பார்த்துத் தள்ளினாள். செப்டம்பர் தாள் கிடைத்தது.

ஜன்னலோரம் போய்ப் படித்தாள். லாயிட் சுவரில் சாய்ந்து நின்றார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், நல்லதுதான் இருக்கிறது. இருந்தும் தன் தீர்ப்பை யாரோ வாசிக்கிற மாதிரி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சுத்தம் என்று முடிகிற கடைசி வரிவரை போனாள். தலையை நிமிர்த்தவில்லை. தாளைத் திருப்பி மறுபக்கம் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. பிறகு முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தாள்.